நஜ்லாவின் பன்னிரண்டு கீராத்து

பிப்ரவரி 17, செவ்வாய்

இரண்டாம் பருவம் தொடங்கிவிட்டது. எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு இன்று பகா எண்கள். ஐந்தை ஐந்தால் பெருக்கி ஒன்றைக் கழியுங்கள் என்றேன். இருபத்து நான்கு. ஏழை ஏழால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் நாற்பத்தெட்டு, அது இரண்டு இருபத்து நான்கு. பதினொன்றுக்கு நூற்று இருபது, ஐந்து இருபத்து நான்கு. இரண்டையும் மூன்றையும் விட்டுவிட்டால் எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் இருபத்து நான்கு வந்து நிற்கும். நம்பாத ஒருத்தி முப்பத்தொன்று வரை போய்ப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது எங்க போனாலும் விடாது போல" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஷவ்கியிடம் சொன்னேன். "உனக்கு வேற எண்ணே கிடைக்கலையா? நிலத்தைப் பங்கு பிரிச்சா இருபத்து நாலு கீராத்து, வீட்டைப் பங்கு பிரிச்சாலும் இருபத்து நாலு கீராத்து. உன் தங்க வளையல் மட்டும்தான் இருபத்தொண்ணு" என்றார். இருபத்தொன்றில் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான், அதையும் சொன்னேன்.

கால் வீங்க ஆரம்பித்திருக்கிறது. ஐந்தாம் மாதம்.

பிப்ரவரி 20, வெள்ளி

மதியம் கீழே அத்தை வீட்டில் வாத்து. கீழ்த்தளம் அத்தைக்கு, நடுத்தளம் எங்களுக்கு, மேலே பாதி கட்டிய மாடி ஷவ்கியின் தம்பி அத்திய்யாவுக்கு. குவைத்தில் பதினோரு வருஷம் வெயிலில் நின்று ஷவ்கி கட்டிய வீடு. அந்த மாடி முடியாமல் அத்திய்யாவுக்குக் கல்யாணம் இல்லை. பெண் வீட்டார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள், குடியிருக்க வீடு இருந்தால்தான் பெண்.

சாப்பிட உட்காரும்போது யார் எங்கே என்று தகராறு. நான்கு பேர் நான்கு நாற்காலியில் இருபத்து நான்கு விதமாக உட்காரலாம் என்றேன். முதலாமவருக்கு நான்கு இடம், அடுத்தவருக்கு மூன்று, அப்புறம் இரண்டு, ஒன்று.

"இருபத்து நாலு விதமா உக்காந்தாலும் வாத்துக்குக் கால் ரெண்டுதான், டீச்சரம்மா" என்றார் அத்தை. இரண்டு காலும் இரண்டு மகன்கள் தட்டுக்குப் போயின. ஷவ்கி தன்னுடையதை என் தட்டில் வைத்தார். அத்தை பார்த்துவிட்டு, "அது உள்ள இருக்கறவளுக்கு. உனக்கில்ல" என்றார். ஒன்பது வருஷத்தில் அந்த அம்மாள் எனக்குக் கொடுத்த முதல் அனுமதி.

எங்கள் தெருவில் பெண்களுக்குப் பெயர் கிடையாது. முதல் பிள்ளையின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அத்தை உம் ஷவ்கி, ஷவ்கியின் தாய். எதிர்வீட்டில் என்னைவிடப் பத்து வயது சின்னவள், அவளும் உம் ஒருத்தி. நான் மட்டும் ஒன்பது வருஷமாக விதாத் டீச்சர். அத்தை வாயில் 'டீச்சரம்மா' என்று வரும்போது அதற்குள் ஒரு ஊசி இருக்கும். ஜூலையில் அந்த ஊசி போய்விடும். ஸ்கேனில் பெண் என்று சொல்லிவிட்டார்கள். ஷவ்கி உடனே நஜ்லா என்று பெயர் வைத்துவிட்டார்.

மார்ச் 9

ஆற்றங்கரைச் சந்தையில் ஆரஞ்சு. கடைக்காரர் சதுரம் சதுரமாக அடுக்கியிருந்தார், உச்சியில் ஒன்று, அடியில் நான்கு, அதற்கும் அடியில் ஒன்பது. இப்படி இருபத்து நான்கு அடுக்கு வைத்தால் அத்தனையையும் கலைத்துத் தரையில் ஒரே சதுரமாகப் பரப்பலாம், எழுபதுக்கு எழுபது, ஒன்று கூடாது குறையாது என்று ஷவ்கியிடம் சொன்னேன். ஒற்றைப் பழத்தை விட்டால் வேறெந்த எண்ணுக்கும் அது வாய்க்காது.

"மொத்தம் எத்தனை?"

"நாலாயிரத்துத் தொள்ளாயிரம்."

கடைக்காரரிடம் போய் முகம் மாறாமல், "நாலாயிரத்துத் தொள்ளாயிரம் ஆரஞ்சு கொடுங்க, வீட்டுல ஒரு கணக்கு சரிபார்க்கணும்" என்றார். அந்த ஆள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "மசக்கைன்னா இப்படியா" என்றார். வழியெல்லாம் சிரித்தோம்.

மார்ச் 19

போன வியாழன் ஷவ்கி அத்திய்யாவின் மாடிக்கு டைல்ஸ் பார்க்கத் தன்தா நகரத்துக்குப் போனார். மினிபஸ் லாரியில் மோதியது.

எழுத முடியவில்லை.

மார்ச் 28

துக்கம் கேட்க வந்த பெண்கள் எல்லாரும் அதே ஆறுதலைச் சொல்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆண்டவன் இருபத்து நான்கு கீராத்து நற்பேறு அளக்கிறானாம். ஒருத்திக்குப் பணத்தில் பத்து, பிள்ளையில் இரண்டு. இன்னொருத்திக்கு உடம்பில் குறைத்து மனசில் கூட்டியிருப்பானாம். கூட்டினால் எல்லாருக்கும் ஒன்றுதானாம். கணவன் எத்தனை கீராத்து என்று கேட்டேன். சர்க்கரை போடாத காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அத்தை கீழே அழவே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இந்த வீட்டில் செங்கல் ஒவ்வொன்றும் யார் காசு என்று அவருக்குத் தெரியும்.

ஏப்ரல் 22

நேற்று நாற்பதாம் நாள். ஓதி முடித்ததும் பள்ளிவாசல் ஷேக் மித்வல்லி பங்கு பற்றிப் பேசினார். வயிற்றில் பிள்ளை இருப்பதால் இப்போது பிரிக்க முடியாது, பிறக்கட்டும் என்றார். பெண் பிறந்தால் எப்படி என்று அத்திய்யா கேட்டான். ஷேக் விரல் விட்டு எண்ணுவதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

மனைவிக்கு எட்டில் ஒன்று: மூன்று. தாய்க்கு ஆறில் ஒன்று: நான்கு. மகளுக்குப் பாதி: பன்னிரண்டு. மீதி ஐந்து தம்பிக்கு. கூட்டினால் இருபத்து நான்கு, எங்கும் பிசிறு இல்லை. இதற்காகத்தான் முன்னோர்கள் இந்த எண்ணைப் பிடித்தார்கள். அரை, மூன்றிலொன்று, கால், ஆறிலொன்று, எட்டிலொன்று என்று எப்படி வெட்டினாலும் முழுசாக வரும். நூற்றை எடுத்திருந்தால் மூன்று மகன்கள் இருக்கிற வீட்டில் இன்னும் சண்டை ஓய்ந்திருக்காது.

அத்திய்யா என் வயிற்றைப் பார்த்து, "அப்ப வீட்டுக்காரி இன்னும் உள்ளதான் இருக்கா. இப்பவே சலாம் வச்சிக்கறேன்" என்றான். எல்லாரும் சிரித்தோம், அத்தையும். ஷவ்கி போனதிலிருந்து இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அப்புறம் எல்லாருக்கும் வெட்கமாகப் போய்விட்டது.

மே 11

உதைக்கிறாள். பாடம் நடத்தும்போது அதிகம். வகுப்புக்கு முன்னால் நின்று மேசையைப் பிடித்துக்கொண்டேன். ஷவ்கி, உன் மகளுக்குக் கணக்கு பிடிக்கவில்லை போலிருக்கிறது.

ஜூன் 5, வெள்ளி

எழுதித்தான் ஆகவேண்டும்.

போன சனிக்கிழமை காலை வலி எடுத்தது. இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அத்தைதான் டாக்ஸியில் ஏற்றிப் பக்கத்திலுள்ள சின்னக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். டாக்டர் வரவில்லை. நர்ஸ் அவரைத் தேடி ஓடினாள். அறையில் நானும் அத்தையும் மட்டும். அப்போதே என் மகள் வந்துவிட்டாள். அத்தைதான் ஏந்தினார்.

எனக்கு அதற்குப் பிறகு இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கீல் துருப்பிடித்த சின்னப் பெட்டியைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம். கேட்டேன். கேட்டேனா?

கண் திறந்தபோது டாக்டர் நின்றிருந்தார். "இறந்தே பிறந்திருக்கும்மா" என்றார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். எனக்குக் காட்டவில்லை. மதியமே அத்திய்யா எடுத்துப் போய் ஷவ்கியின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தான். இறந்து பிறந்த பிள்ளைக்கு எங்கள் ஊரில் தொழுகை கிடையாது, பெயரும் கிடையாது. துணியில் சுற்றி வைப்பதோடு சரி.

பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது. யாருக்கு வருகிறது இது.

ஜூன் 13

ஷேக் வந்தார். முதலில் என் இத்தா முடிந்துவிட்டது என்று சொன்னார். பிரசவத்தோடு விதவையின் காத்திருப்பு முடிந்துவிடுமாம், பிள்ளை எப்படிப் பிறந்தாலும். இனி வேறு கல்யாணம்கூடச் செய்துகொள்ளலாமாம். நன்றி என்றேன்.

பிறகு பங்கு. பிள்ளை இல்லை என்றால் மனைவிக்குக் கால் பங்கு. தாய்க்கு மூன்றில் ஒன்று. மீதி தம்பிக்கு. ஆறு, எட்டு, பத்து.

மூன்று ஆறாகிவிட்டது. என் மகள் செத்ததற்கு எனக்கு மூன்று கீராத்து லாபம். இந்த எண்ணை நான் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு மெச்சி மெச்சிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், எவ்வளவு நல்ல எண், யாரையும் உடைக்காது என்று. த்தூ.

கிளம்பும்போது ஷேக் ஒரு பேச்சுக்குக் கேட்டார், "குழந்தை சத்தம் ஏதும் போடலையே? ஒரு அழுகை அழுதிருந்தாலும் உயிரோட பிறந்ததாத்தான் கணக்கு. பேர் வைக்கணும், தொழுகை வைக்கணும், பங்கும் உண்டு."

"கேட்ட மாதிரி இருந்தது" என்றேன்.

"மாதிரிங்கறது போதாதும்மா. உம் ஷவ்கி, நீங்கதானே கூட இருந்தீங்க?"

அத்தை தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே, "டாக்டர் எழுதினதுதான்" என்றார்.

டாக்டர் அப்போது அந்த அறையிலேயே இல்லை.

ஜூன் 14

கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. வேறென்ன தெரியும் எனக்கு.

அவள் அழுதிருந்தால் பன்னிரண்டு அவளுடையது. பிறகு அவள் போனதும் அந்தப் பன்னிரண்டு கைமாறும். தாயான எனக்கு அதில் மூன்றிலொன்று, நான்கு. மீதி எட்டு அவள் சித்தப்பாவுக்கு. தாய் இருக்கும்போது பாட்டிக்கு ஒன்றுமில்லை. ஆக நான் மூன்றும் நான்கும் ஏழு. அத்திய்யா ஐந்தும் எட்டும் பதின்மூன்று. அத்தை வெறும் நான்கு.

அழவில்லை என்றால் அத்தைக்கு எட்டு.

இப்போது புரிகிறது மணி ஏன் அவ்வளவு வேகமாக உருண்டது என்று.

ஜூன் 21

அத்திய்யா மாடிப்படியில் வழிமறித்தான். "அண்ணி, அவ அழுதாதானே? நீங்க கேட்டீங்கதானே? நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க."

"பதிமூணுன்னு யாரு சொன்னா உனக்கு?"

தலையைக் குனிந்துகொண்டான். "ஷேக்கிட்ட கேட்டேன். பொண்ணு வீட்டுல நெருக்கறாங்க, அண்ணி. பாதிக்கு மேல என் பேர்ல இருந்தா மாடியை முடிச்சிரலாம்."

உலகத்தில் என்னை நம்புகிறவன் இவன் ஒருவன்தான், அதுவும் டைல்ஸ் போடுவதற்காக. நானும் என்ன யோக்கியம்? அவள் அழுதாள் என்றால் ஆறு ஏழாகிறது. வாயைத் திறந்தால் தெருவே சொல்லும், ஒரு கீராத்துக்காகச் செத்த பிள்ளையை அழவைக்கிறாள் டீச்சர் என்று.

எனக்கு ஒரு கீராத்தும் வேண்டாம். அவள் அழுதாளா இல்லையா, அது மட்டும் தெரியவேண்டும். அழுதிருந்தால் அவள் ஒருத்தி. பெயர் உள்ள ஒருத்தி. ஷவ்கி வைத்த பெயர்.

இல்லையென்றால் ஒன்பது வருஷத்துக்குப் பிறகும் நான் விதாத் டீச்சர்.

ஜூலை 2

இன்று கீழே இறங்கிப்போய்க் கேட்டுவிட்டேன். அத்தை வெண்டைக்காய்க்குக் காம்பு நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என் பங்கு முழுசையும் உங்களுக்கே எழுதித் தர்றேன். ஆறோ ஏழோ எல்லாம் உங்களுக்கு. அவ அழுதாளா, அதை மட்டும் சொல்லுங்க."

கத்தி போய்க்கொண்டே இருந்தது.

"எட்டு நாலாயிடும்னுதானே பேசமாட்டேங்கறீங்க? பேத்தியை வித்துட்டீங்க, அத்தை. நாலு கீராத்துக்கு வித்துட்டீங்க."

கத்தியை வைத்தார். என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெண்டைக்காயை நான்தான் நறுக்கி முடித்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 3, வெள்ளி

யாரும் யாரோடும் சாப்பிடவில்லை. மூன்று பேர் மூன்று நாற்காலியில் ஆறு விதம்தான் உட்காரலாம். நாங்கள் ஒரு விதமும் உட்காரவில்லை.

ஜூலை 11, சனி

மறப்பதற்குள் எழுதவேண்டும். மறக்கவா போகிறேன்.

நேற்று ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஷேக் வந்தார். நான் கூப்பிடவில்லை, அத்திய்யாவும் இல்லை. அத்தை ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கிறார். எங்களையும் கீழே வரச்சொன்னார். நல்ல கறுப்பு ஆடை, தலையில் வெள்ளைத் துணி. நீதிமன்றத்துக்குப் போகிறவர் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார்.

"அழுதா" என்றார். "ரெண்டு தரம் அழுதா."

ஷேக், "உம் ஷவ்கி, இதைச் சொன்னா உங்க எட்டு நாலாகும், தெரியுமில்ல" என்றார்.

"கணக்கு டீச்சர் இருக்கிற வீட்டுல வந்து எனக்குக் கணக்கு சொல்லாதீங்க. கேட்டதைச் சொல்றேன், எழுதிக்குங்க."

பிறகு என்னைப் பார்க்காமல், கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இந்தக் கையளவுதான் இருந்தாள். மூக்கு ஷவ்கி மூக்கு. முதல் தரம் அழுதபோது எனக்குக் கேட்டிருக்கும் என்று திரும்பிப் பார்த்தாராம், நான் கண்ணை மூடியிருந்தேனாம். இரண்டாம் தரம் அழுதபோது துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டாராம்.

"உஷ், அம்மா தூங்கறா, எழுப்பாதேன்னு சொன்னேன். நிறுத்திட்டா." குரல் அங்கேதான் உடைந்தது. "ஒம்பது வருஷத்துல இவ எம் பேச்சை ஒரு நாள் கேட்டதில்ல. இவ மக கேட்டா. நான் சொன்னதும் நிறுத்திட்டா. நான் சொன்னதாலதானோ... அப்புறம் எவ்வளவு குலுக்கியும் அழலை."

அத்திய்யா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

"அன்னிக்கே ஏன் சொல்லலை" என்று கேட்டேன்.

"செத்துப் பொறந்தான்னா ஒரு அழுகையோட போயிரும். அழுதுட்டுப் போனான்னு தெரிஞ்சா நீ ஆயுசு பூரா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருப்ப. அதை நான் கேட்டுக்கிட்டிருக்கேன், வீட்டுக்கு ஒருத்தி போதும்னு நெனச்சேன். வித்துட்டேன்னு சொன்னியே... வித்தது இல்லடி. மறைச்சு வச்சேன்."

நான் போய் அவர் மடியில் விழுந்தேன். ஒன்பது வருஷத்தில் நாங்கள் ஒருவரையொருவர் தொட்டது பெருநாளுக்குப் பெருநாள்தான்.

ஷேக் ஏழு, நான்கு, பதின்மூன்று என்று எழுதிக்கொண்டார். கூட்டிப் பார்த்தேன். இருபத்து நான்குதான். ஆனால் எனக்கு அந்த மூன்று எண்ணும் பெரிதில்லை. அத்தை கையில் இருந்த அந்தச் சிறு பொழுது முழுவதும் இந்த வீட்டில் பாதி அவளுடையது. பன்னிரண்டு கீராத்து. நாங்கள் எல்லாரும் அவள் வீட்டில் இருந்தோம்.

ஜூலை 14

கல்லறையில் தொழுகை நடந்தது. டாக்டரின் காகிதத்தில் மாற்றம் எதுவும் இல்லை. அது கிடக்கட்டும்.

மாடிக் கதவுக்கு வாங்கி வைத்திருந்த பச்சைப் பெயிண்டை எடுத்துவந்து அத்திய்யா ஷவ்கியின் பெயருக்குக் கீழே எழுதினான். நஜ்லா பிந்த் ஷவ்கி, ஷவ்கியின் மகள் நஜ்லா. கடைசி எழுத்து வழிந்துவிட்டது. துடைக்க வேண்டாம் என்றேன்.

திரும்பி வரும்போது, "அம்மா, அந்த நாலை என் பதிமூணுலேர்ந்து திருப்பிக் குடுத்துடறேன்" என்றான்.

"போடா. போய் டைல்ஸ் போடு. கல்யாணம் பண்ணு. செத்தவ குடுத்ததைத் திருப்பிக் குடுப்பாங்களா?" என்றார் அத்தை.

ஜூலை 26

அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அத்தை சொன்னது சரி. பஸ்ஸில் கேட்கிறது, குழாயைத் திறந்தால் கேட்கிறது. இருந்தாலும் இது என்னுடையது. யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

ஷவ்கி போன பிறகு முதல் தடவையாக இன்று வாத்து. வாசனை மாடிக்கு வந்தது. இறங்கிப் போக மனசில்லாமல் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அந்த நாற்காலியை எப்படிப் பார்ப்பது?

கீழேயிருந்து அத்தை கூப்பிடுவது கேட்டது. மாடிப்படிக் கூண்டில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுவது அவர் வழக்கம். எதிர்வீட்டு ஜன்னலைத் திறந்தார்கள். யாரையோ கூப்பிடுகிறார், யாராவது விருந்தாளியாக இருக்கும் என்று நான் துணியை மடித்துக்கொண்டே இருந்தேன்.

மறுபடியும் கூப்பிட்டார், கோபமாக.

"உம் நஜ்லா! காது கேக்கலையா? ஆறிப்போவுது, வாடி."

கையில் இருந்த துணியை வைத்தேன். "இதோ வந்துட்டேன், அத்தை" என்றேன்.